ஸ்பிரிட் வாடை

அன்றைக்கு முனி கோவிலில் இருந்தவர்கள்: அப்பா. அம்மா. அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா. அக்கா. நான். பூசாரி. ஆறு பேர். பூசாரியின் சேவல் ஒன்று காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அக்காவுக்கு என்னைவிட நாலு வயது கூட.

அப்பாவுக்குக் கயிறு கட்டப் போயிருந்தோம். குடியை விட வேண்டியவர்களை எங்கள் பக்கம் இப்படிக் கூட்டிப்போவார்கள். பூசாரி சூடம் ஏற்றுவார். இனிமேல் தொடமாட்டேன் என்று அதன் மேல் கை நீட்டிச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். கட்டிக்கொண்டு குடித்தால் முனி கையைக் காலை முடக்கிவிடும் என்பார்கள். பயத்திலேயே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அப்பா மினி பஸ்ஸில் கண்டக்டர். காரைக்குடியில் கிளம்பி பிள்ளையார்பட்டி போய்ச் சுற்றி வரும் வண்டி. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கம்பியைப் பிடிக்க மாட்டார். ஓடுகிற வண்டியில் நின்றபடி சில்லறை எண்ணுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

முதலில் கம்பியைப் பிடிக்க ஆரம்பித்தார். பிறகு ஆள் மேல் சாய ஆரம்பித்தார். இறங்கி நடந்தால் காலை அகட்டி அகட்டி வைத்தார். நாக்கு தடித்தது போலப் பேச்சு வந்தது. கண்ணும் ஒரு மாதிரி ஆனது. பக்கத்திலிருந்து கூப்பிட்டால் தலை முழுக்கத் திரும்பும். கண் பின்னால் மெதுவாக வந்து சேரும்.

பஸ்ஸில் கேலி பேசினார்கள்.

“அண்ணே, விடியுமுன்னயே ஏத்திட்டீகளா?”

“கடை எங்குட்டு இருக்குன்னு எங்களுக்கும் சொல்லுங்கண்ணே. இம்புட்டு வெள்ளனத் தொறக்குற கடையை நாங்க பார்த்ததில்லையே.”

அப்பா சிரிப்பார். கொஞ்ச நாளில் சிரிப்பதை விட்டுவிட்டார். ஒருநாள் பிள்ளையார்பட்டிக் கோவிலுக்குப் போன ஒரு பெண்ணின் மடியில் விழுந்துவிட்டார். முதலாளி அன்றைக்கே பையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அம்மா வீட்டில் பாட்டில் தேடினார். கட்டிலடியில், அரிசிப் பானையில், ஓட்டு இடுக்கில். ஒன்றும் கிடைக்கவில்லை. மாமா சொன்னார், “வெவரமாக் குடிக்கிறவன் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டாரமாட்டான்.”

கயிறு கட்டலாம் என்று சொன்னதும் மாமாதான்.

நான் பெயிண்டர். எட்டாவதோடு நின்று இந்த வேலைக்கு வந்தேன். அன்றைக்கு ஒரு பெரிய வீட்டில் தேக்குக் கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைப்போம். துணிப் பந்தில் தோய்த்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் திட்டுத் திட்டாகிவிடும். மாமா சைக்கிளில் வந்து கூப்பிட்டார். பாதிக் கதவில் விட்டுவிட்டுப் போனேன்.

பூசாரி அப்பாவைக் கேட்டார். “எம்புட்டு நாளாக் குடி?”

“நான் குடிக்கிறதில்லைங்க.”

“இங்க வாறவுக எல்லாரும் மொதல்ல அதத்தான் சொல்லுவாக.”

“நெசமாத்தான் சொல்றேன்.”

பூசாரி கயிற்றைத் தட்டில் வைத்துவிட்டார். “குடிக்காத ஆளுக்குக் கட்டுனா சாமி குத்தம் எந்தலையில விடியும். வீட்டாளு யாராவது சொல்லணும்.”

“ஊரே சொல்லுதுல்ல” என்றார் மாமா.

“ஊரு வேணாம். வீட்டுல ஒரு ஆளு சொல்லட்டும்.”

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா முன்னால் போனாள். அப்பாவின் வாய்க்கிட்டே முகத்தைக் கொண்டுபோய் மோந்தாள். “ஒரு வாடையும் இல்ல. வெத்தலைதான் மணக்குது.”

“பொம்பளப் புள்ளைக்கு அந்த வாடை என்னத்தத் தெரியும்? டேய், நீ பாரு” என்றார் மாமா.

நான் போனேன். அப்பா நிலையாக நிற்கமாட்டார். அதனால் இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மோந்தேன். குப்பென்று அடித்தது.

“வருது” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். தலை முதலில் வந்தது. கண் பிறகு வந்தது.

“அப்பக் கட்டுங்க” என்று அப்பாவே பூசாரியிடம் கையை நீட்டினார்.

சாயங்காலம் வீட்டுக் குழாயடியில் கை கழுவினேன். சோப்புப் போடும் முன் மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். அதே வாடை. என் கையில்.

சோப்பைக் கீழே வைத்தேன். உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். கயிறு கட்டியாகிவிட்டது, சாமி காரியம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. அப்புறம் சொல்வதற்கு இடமே இல்லாமல் போனது.

கயிறு கட்டினபிறகும் அப்பாவின் நடை மோசமானது. கட்டிக்கிட்டும் குடிக்கிறான், முனி முடக்குது என்று ஊர் சொன்னது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கூட்டிப்போகவில்லை. முனி முடக்கியதற்கு டாக்டர் என்ன செய்வார் என்று இருந்தோம். அம்மா வருஷம் ஒரு சேவல் கொண்டுபோய் முனியிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா செய்யாத தப்புக்கு.

அக்காவைச் சிங்கம்புணரிப் பக்கமிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடித்துப்போன இடம். கயிறு கட்டின வீடு என்று கேள்விப்பட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு இடம் வந்தது. அதுவும் நின்றது. அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்தாள். பிறகு யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்பா எட்டு வருஷம் இருந்தார். கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. புரையேறி இருமிக்கொண்டே இருப்பார். அவரை எடுத்தபோது கயிறு கையில் இருந்தது. அதை அவிழ்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அதோடுதான் எரித்தோம்.

இன்றைக்கும் பாலிஷ் டப்பாவைத் திறந்தால் அப்பா பக்கத்தில் நிற்கிறார். பேய் என்று சொல்லவில்லை. வாடை வருகிறது. கன்னத்தின் சொரசொரப்பு கையில் தெரிகிறது. டப்பாவை மூடினால் போய்விடுகிறார். மூடினால் வேலை நடக்காது.

அக்காவுக்கு நாற்பத்தைந்து ஆன சமயம். மிஷினில் கோளாறு என்றாள். கால் ஒன்று சொல்ல, சக்கரம் வேறு பக்கம் சுற்றியது. ஊசி நகத்தில் ஏறிவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தார். “மிஷினு நல்லா இருக்குக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொங்கலுக்கு என் வீட்டுக்கு நானே வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். ஏணி மேல் நின்றேன். எங்களோடு இருந்த அக்கா காப்பி கொண்டுவந்தாள். முற்றத்தைக் கடந்து வந்தாள். மேலிருந்து பார்த்தேன். காலை அகட்டி அகட்டி வைத்து வந்தாள். காப்பி தட்டில் சிந்தியது. நான் கூப்பிட்டேன். தலை திரும்பியது. கண் பிறகு வந்தது.

அக்கா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

ஏணியை விட்டு இறங்க எனக்கு வெகுநேரம் ஆனது.

முனி மகளையும் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசினார்கள். என் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவள் விரலை நீட்டி, “அத்தை, தலைய அசைக்காம கண்ண மட்டும் இங்குட்டுக் கொண்டாங்க” என்றாள். அக்காவால் முடியவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். மதுரைக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. அவசரப்படாத ஆள். அக்காவை நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். ரத்தம் எடுத்தார். சில வாரம் கழித்து வரச் சொன்னார். போனோம்.

“வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?” என்று கேட்டார்.

“எங்கப்பாவுக்கு” என்றாள் அக்கா.

“அவரை எல்லாரும் குடிகாரர்னு சொல்லியிருப்பாங்களே.”

எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

“இந்த நோய் உள்ளவங்களுக்கு அந்தப் பேர் வந்துரும். நடை அப்படி, பேச்சு அப்படி.”

“எங்கப்பா குடிக்கலை” என்றாள் அக்கா. அவள் வாயும் அப்போது குழற ஆரம்பித்திருந்தது. குடித்தவள் சொல்வதுபோல் இருந்தது. என் பக்கம் அவள் திரும்பவில்லை.

டாக்டரம்மா சொன்னதில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. அப்பா கொடுத்த பிரதி ஒன்று, அம்மா கொடுத்த பிரதி ஒன்று. புத்தகத்தை வெளியே எடுக்க முடியாது. வேண்டிய பக்கத்தைச் சீட்டில் நகல் எடுத்து அனுப்பும். அந்தச் சீட்டுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். சீட்டைப் படித்து அதன்படி உயிரணு புரதம் செய்யும். உடம்பில் வேலை செய்கிற ஆள் அந்தப் புரதம்தான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பக்கத்தில் மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாருக்கும் வரும். அநேகம் பேருக்கு இருபத்திரண்டு தடவை. முப்பதைத் தாண்டி நாலைந்து கூடிவிட்டால் நோய். அக்காவுக்கு முப்பத்தொன்பது.

இது எனக்கு விளங்கியது. பெரிய வீடுகளில் சுவரின் மேல்விளிம்பில் பூ பார்டர் போடுவோம். தகட்டில் வெட்டிய ஒரே பூ. இருபத்திரண்டு பூவுக்கு அளந்த சுவரில் முப்பத்தொன்பது போட்டால் பூ மூலையைத் தாண்டி நிலைக்கதவு மேல் ஏறும். கதவை மூட முடியாது.

“அந்தப் பக்கத்துல செய்ற புரதத்துக்கு என்ன வேலைங்க?” என்று கேட்டேன்.

“சீட்டுகளைப் பார்த்துக்கிறதுதான் அதோட வேலை. எந்தச் சீட்டை இப்பப் படிக்கணும், எதை ஓரமா வைக்கணும், எதைப் போட்டுறணும்னு பார்க்கும்.”

“மேஸ்திரி.”

டாக்டரம்மா சிரித்தார். “ஆமா. மேஸ்திரிதான் கெட்டுப்போயிட்டார். நீளம் கூடினதால அவர் மத்ததோட ஒட்டிக்கிறார். கட்டியா ஆகுறார். நல்ல சீட்டுகளையும் இழுத்துக்கிட்டு உக்காந்துடுறார். அதைக் கூட்டிப் பெருக்க மூளையால முடியலை. வருஷக்கணக்கா சேருது. தடுமாறாம நிக்க வைக்கிற பகுதி பின்மூளையில இருக்கு. அது மொதல்ல செத்துப்போகுது.”

“மருந்து?”

“விழாம இருக்க, பேச்சு கெடாம இருக்கப் பயிற்சி இருக்கு. நிறுத்துற மருந்து இன்னும் வரலை.”

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பாவிடம் ஒரு நல்ல பிரதியும் ஒரு கெட்ட பிரதியும் இருந்திருக்கிறது. பிள்ளைக்கு இரண்டில் ஒன்று வரும். எது வந்தது என்று பார்க்காமல் தெரியாது. தகப்பனிடமிருந்து போகும்போது எண்ணிக்கை இன்னும் கூடலாம். கூடினால் இன்னும் சின்ன வயதில் வரும். வேண்டுமானால் பார்க்கலாம், கட்டாயம் இல்லை.

வேண்டாம் என்றுவிட்டேன்.

திரும்பி வந்தபிறகு யாராவது முனி என்றால் அக்கா சொல்வாள், “முனியாவது சனியாவது. முப்பத்தொன்பது.” அவளுக்கு அந்த எண் பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் அப்பாவைக் குற்றம் சொல்லாத ஒன்று அதுதான்.

நான் ஆறு வருஷம் பார்க்காமல் இருந்தேன். பார்க்காமல் இருந்தேன் என்பதும் சரியில்லை. தினமும் பார்த்தேன். சுவரில் நிறம் பிரிகிற இடத்துக்கு நூலில் பொடி தடவி அடித்துக் கோடு போடுவோம். நான் நூல் அடிக்காமல் வெறும் கையில் பிரஷ்ஷால் இழுத்துப் பார்ப்பேன். கோடு நேராக வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். சலூன் கண்ணாடியில் கண்ணை அங்குட்டும் இங்குட்டும் உருட்டிப் பார்ப்பேன். கடைக்காரர் “யாரைத் தேடுறீக?” என்று கேட்டார். ஏணியில் கால் வழுக்கினால் அது எண்ணெயா அப்பாவா என்று யோசிப்பேன். மழைநாளில் தெருவில் ஈரத்தடம் கிடந்தால் கால் எவ்வளவு அகலம் வைத்திருக்கிறேன் என்று திரும்பிப் பார்ப்பேன். பின்னால் யாரோ அகட்டி அகட்டி வருகிற மாதிரி இருக்கும்.

மகளுக்கு மாப்பிள்ளை வந்தது. நல்ல இடம், அமராவதிபுதூர். பையன் அரசு வேலை. பூ வைக்க நாள் கேட்டார்கள். மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அப்பா, நீங்க ரத்தம் குடுங்க.”

“தெரிஞ்சு என்ன பண்ண? மருந்தா இருக்கு?”

“ஒங்களுக்கு இல்லைன்னா எனக்கு இல்ல. அதோட முடிஞ்சுபோச்சு. நீங்க பார்க்கலைன்னா நான் பார்க்கணும்.”

“நீ பாரேன்.”

“எனக்கு இருந்துச்சுன்னா ஒங்களுக்கும் இருக்குன்னு ஆயிரும். வேணாம்னு இருக்குற ஒங்களுக்கு அதை எப்படிச் சொல்லுவேன், எப்படி மறைப்பேன்? ஒரே வீட்ல இருந்துக்கிட்டு மூஞ்சியை எங்க வைக்க?”

நான் எழப் போனேன். அவள் விடவில்லை.

“சொல்லாம மறைச்சு நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்ப்பா. இந்த வீட்ல மறைச்சதெல்லாம் போதும்.”

எதைச் சொன்னாள் என்று கேட்கவில்லை. ரத்தம் கொடுத்தேன்.

முடிவு வாங்கப் போகிற காலையில் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். சரியாமல் இருக்க இடுப்பில் துண்டு கட்டியிருந்தோம். அவள் பேச்சு இப்போது வெளியாட்களுக்குப் புரியாது. எங்களுக்குப் புரியும். புரிகிறபடி எழுதுகிறேன்.

“இருக்கு, இல்லைன்னு மட்டும் கேட்டுட்டு வந்துறாத. எம்புட்டுன்னு கேட்டுட்டு வா. எனக்கு நம்பரு வேணும்.”

“சரிக்கா.”

“நாற்பதுன்னா இந்த நாற்காலிக்கு ஜோடியா இன்னொன்னு வாங்கிட்டு வந்துரு. சேர்ந்து உக்காருவோம்.”

சிரித்தாள். சிரித்தால் அவளுக்குப் புரையேறும். முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

டாக்டரம்மா தாளைத் திறக்கும் முன் கேட்டார், “இப்பக்கூட வேணாம்னு எந்திரிச்சுப் போகலாம். போறீங்களா?”

“சொல்லுங்க.”

“உங்களுக்கு இல்லை. அப்பாவோட நல்ல பிரதிதான் உங்ககிட்ட இருக்கு. பிள்ளைக்கும் வராது.”

மகள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எண்ணைக் கேட்டேன். தாளில் காட்டினார். இரண்டு இடத்தில் ஒரே எண். மகள் அழுது முடிக்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் கண்டக்டர் கம்பியைப் பிடிக்காமல் நின்றார். இளம் வயதுப் பையன். நான் அவன் காலையே பார்த்தேன். மேலூர் தாண்டியதும் ஒரு யோசனை வந்தது. நாற்பது என்று சொல்லிவிடலாம். அக்காவுக்குத் துணை ஆகும். அவள் ஒருத்தியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். கொஞ்ச தூரம் போனதும் புரிந்தது. மோந்து பார்த்துச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்லப் பார்க்கிறது. அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“அத்தைகிட்ட நாளைக்குச் சொல்லுவோமாப்பா?” என்றாள் மகள்.

நாளைக்கு என்றதும் குழாயடி ஞாபகம் வந்தது.

“இன்னைக்கு” என்றேன்.

வீட்டுக்கு வந்தோம். மகள் உள்ளே போனாள். அவள் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குத் தெரிந்திருக்கும். நான் அக்கா முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“கை கழுவிட்டியாடா?” என்றாள்.

வேலையிலிருந்து வந்ததும் தினமும் அவள் கேட்கிறதுதான். இத்தனை வருஷமாகக் கேட்கிறாள். அக்காக்கள் கேட்பது என்று இருந்தேன்.

“இன்னைக்கு வேலைக்குப் போகலையேக்கா.”

“அன்னைக்குப் போயிருந்தயே.”

நான் என் கையைப் பார்த்தேன்.

“ஒங்கையில ஸ்பிரிட்டு வாடைடா அன்னைக்கு. கோவில்ல இருந்து திரும்பயில அப்பா என் தோளைப் புடிச்சுக்கிட்டு வந்தாருல்ல, அப்பவே சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“‘பய பாலிஷ் வேலையில இருந்து வந்திருக்கான், கை வாடை அது. அவங்கிட்டச் சொல்லாத, கூசிப்போவான்’னாரு.”

அந்த ஆறு பேரில் இப்போது இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். எட்டு வருஷம் அப்பா அந்தக் கயிற்றோடு இருந்தார். நான் அவருக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். என் கையிலிருந்துதான் வாங்கினார்.

“எனக்கும் தெரியும்க்கா” என்றேன். “அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“சொல்லலையே.”

“சொல்லலை.”

அக்கா தலையை என் பக்கம் திருப்பினாள். கண் வந்து சேருகிறவரை காத்திருந்தேன்.

“இதையாவது உள்ளதைச் சொல்லு. எம்புட்டு?”

“இருபத்திரண்டு.”